வெண்ணந்தூருக்கு வந்த ஆறுகால் விருந்தாளி

பறவைகளை விட்டுவிட்டால், உயிரோடு இருக்கிற பிராணிகளில் கோழிக்கு மிக நெருங்கிய பங்காளி முதலைதான் என்று நான் முதன்முதலில் சொன்னபோது, நாமக்கல் முட்டைக் குடோனில் அட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப முதலை முட்டைக்கும் தினம் வெல சொல்லுவாங்களா சாமி?" என்றார்.

நான் கதை விடவில்லை. பல்லியும் ஓணானும் முதலைக்குத் தூரத்துச் சொந்தம்தான். வெள்ளை லெகார்ன் கோழி அதற்குக் கிட்டத்துச் சொந்தம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் புவனா போன் செய்தாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்காருகிறவள். "செசிலிக்கா, சேதி தெரியுமா? கரையானையெல்லாம் கரப்பான் வகையில சேத்துப்புட்டாங்களாம். எறும்பு மாதிரி இருக்குதேன்னு நாம நெனச்சுக்கிட்டு இருந்தோம். நீங்க படிச்சதெல்லாம் பழசாயிருச்சுங்க" என்று சீண்டினாள். எனக்கு வருத்தமே வரவில்லை. "அட, அப்படியா! மேல சொல்லு, மேல சொல்லு" என்றுதான் கேட்டேன். பழகின குடும்பத்தில் மறைந்திருந்த உறவு ஒன்று வெளிப்பட்டால் யாருக்குத்தான் ஆவல் வராது? கடைசியில் அவள், "இப்பல்லாம் போன்ல படம் புடிச்சா அதுவே பூச்சி பேரு சொல்லிருதுக்கா. நீங்கல்லாம் எப்படித்தான் கண்டுபுடிச்சீங்க? எழுதிக் குடுங்களேன், புதுசா வர்ற புள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். கேட்டுவிட்டாள் அல்லவா, இனி யார் என்னை நிறுத்துவது?

சேலத்தில் மாதா கோயில் தெருவில் பிறந்தவள் நான். அம்மா பூசைக்குப் பூக்கட்டிக் கொடுத்தாள், அப்பா மர ஆசாரி. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. கல்யாணமாகி நாமக்கல் வந்தபின், கோழி நோய் பார்க்கும் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குப்பி கழுவச் சேர்ந்தேன். கழுவிக்கொண்டே கேட்டேன், கேட்டுக்கொண்டே பார்த்தேன், பார்த்ததை மதியச் சோற்று நேரத்தில் படித்தேன். சில வருஷத்தில் நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார்கள். என் பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

உட்காரவைத்தவர் டாக்டர் கலைவாணி. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், கால்நடை மருத்துவம் படித்தவர். மெல்லிய உருவம், இரும்புக் குரல். கோபம் வரவர மரியாதை கூடும். "செசிலி, இங்க வாங்க" என்றால் சாதாரணம். "செசிலி அவர்களே, கொஞ்சம் தயவு பண்ணி இங்க வர்றீங்களா" என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன். கூடத்துக்குள் டீ குடிக்கவே கூடாது. லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்தால் அரைநாள் பேசமாட்டார். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை, பூச்சியை ஊறவைக்கும் சாராயத்தில், அதாவது ஸ்பிரிட்டில், கரைந்து ஓடிவிடும்.

இதையெல்லாம்விட அவருடைய ஒரு வழக்கம் எங்களைப் பாடாய்ப்படுத்தியது. நுண்ணோக்கியில் எதைப் பார்த்தாலும் முதலில் பெயர் சொல்லக் கூடாது. "பேரை அப்புறம் வச்சுக்கலாம். என்ன இருக்குன்னு சொல்லுங்க. அதைவிட முக்கியம், எது இல்லைன்னு சொல்லுங்க" என்பார். கால் உண்டா, எத்தனை? உணர்கொம்பு உண்டா? தலை தனியா, மார்போடு ஒட்டியதா? ஒவ்வொரு கேள்விக்கும் பாதை இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் போனால் மறுபக்கத்துக் கூட்டம் முழுவதும் கழிந்துவிடும். இப்படிக் கழித்துக் கழித்துப் போய்க் கடைசியில் ஒரு வாசலில் நிற்போம். அதுதான் அதன் ஊடு.

இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். புது ஆளைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே எந்த ஊரு, எந்தக் கூட்டம், யாரு வகையில சொந்தம் என்று கேட்கிற பூமி இது. பண்ணைக்காரர்கள் தீப்பெட்டிக்குள் பூச்சியைப் போட்டுக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "இது எந்தக் கூட்டமுங்க?" என்றே கேட்பார்கள். கூட்டம் தெரிந்தால் குணம் தெரியும் என்பது அவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர்கள் வசதிக்காகச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தோம். ஆறு கால் என்றால் பூச்சி இனம்: பேன், வண்டு, ஈ. எட்டு கால் என்றால் சிலந்தி இனம்: உண்ணி, சிலந்தி, தேள். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கால் எண்ணப் பழகிவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள்கூட லென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு கால் எண்ணினார்கள். அந்தப் படம்தான் ஒருமுறை எங்கள் எல்லாரையும் சுற்றலில் விட்டது.

வெண்ணந்தூரிலிருந்து பாவாயி என்ற பெண் ஒரு பையில் மூன்று கோழியோடு வந்து நின்றாள். நாட்டுக்கோழி. உயிர் இருக்கிறது, கண் தெளிவாக இருக்கிறது, ஆனால் கால் இரண்டும் துணி மாதிரி மடங்கிக் கிடக்கிறது. பாவாயியும் அவள் புருஷன் மாரப்பனும் விசைத்தறி ஓட்டியவர்கள். தறியை விற்றுவிட்டு, தறி ஓடிய ஷெட்டிலேயே நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். முதல் வருஷம் நன்றாகப் போயிருக்கிறது. இப்போது தினமும் நாலைந்து கோழி விழுகிறது.

"பேனுன்னு சொல்லி மருந்துக்கடைல பவுடர் குடுத்தாங்கக்கா. றெக்கைக்குள்ள எல்லாம் போட்டேன். போட்டா ரெண்டு நாளைக்கு அடங்குது, மறுக்காவும் வந்துருது" என்றாள் பாவாயி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பக்கத்துல வேலுச்சாமி அண்ணன் பெரிய பண்ணை வெச்சிருக்கறாருங்க. இது வெள்ளக் கழிச்சல்தான், எங்க பண்ணைக்குப் பரவுறதுக்குள்ள அத்தனையும் பொதைச்சுப் போடுங்கறாரு. நேத்தே எங்கூட்டுக்காரரு குழி வெட்டிட்டாருங்க. உசுரோட இருக்கறத எப்படிக்கா பொதைக்கறது?"

வேலுச்சாமியைக் குறை சொல்ல முடியாது. பல்லாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறவருக்குப் பக்கத்து ஷெட்டில் கோழி கால் மடங்கி விழுகிறது என்றால் சும்மா இருப்பாரா? வெள்ளைக் கழிச்சல் செருப்பின் அடியில் ஒட்டியும் வரும், குருவியோடும் வரும். வந்தால் அவர் ஷெட் காலி.

டாக்டரம்மா ஒரு கோழியை அறுத்துப் பார்த்தார். குடலில் எதிர்பார்த்த அடையாளம் எதுவும் இல்லை. சளி இல்லை, கழிச்சல் நிறம் மாறவில்லை. "கழிச்சல் மாதிரி இல்லைன்னு தோணுது. தோணுறதை வச்சு ஊரு கோழியைக் காப்பாத்த முடியாது" என்று சொல்லி, ரத்தம் எடுத்துப் பெரிய ஊர் ஆய்வகத்துக்குப் பஸ்ஸில் அனுப்பினார். முடிவு வரச் சில நாளாகும். பாவாயி கையைப் பிசைந்தாள். "அத்தன நாளு அண்ணன் பொறுக்கமாட்டாருங்க."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் குழியை மூடாம வைங்க. நாங்க வர்றோம்" என்றார் டாக்டரம்மா.

பாவாயி போனதும் றெக்கையின் அடியைப் பிரித்துப் பார்த்தேன். தோலில் கேழ்வரகு தெளித்த மாதிரி கருநீலப் புள்ளிகள், கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தன. பிடுங்கினால் வாய் ஒடிந்து தோலோடு நின்றுவிடும். சின்னத் தூரிகையைச் சாராயத்தில் நனைத்து, ஒவ்வொன்றாகத் தடவித் தடவி, பிடி தளர்ந்தபின் எடுத்தேன். ரத்தம் குடிக்காத மெலிந்தது ஒன்றைத் தேடிப் பிடித்து, தெளிய வைக்கும் கரைசலில் போட்டு, கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்தேன். எண்ணினேன். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று.

"டாக்டர், ஆறு கால்! பூச்சி இனம்தான். மருந்துக்கடைக்காரர் சொன்னது..."

"செசிலி அவர்களே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். "தயவு பண்ணி, எது இல்லைன்னு சொல்றீங்களா?"

மறுபடி குனிந்தேன். "உணர்கொம்பு காணோம் டாக்டர்."

"ஒடிஞ்சிருக்குமோ?"

"இல்ல. ஒடிஞ்ச தடமே இல்ல. தலையும் தனியா இல்ல. கழுத்துன்னு ஒரு ஒடுக்கமே காணோம். மொத்த உடம்பும் ஒரே பையா இருக்கு. முன்னாடி மட்டும் நீட்டிக்கிட்டு என்னமோ... அரம் மாதிரி பல்லு வெச்ச ஒரு குச்சி."

அவர் என்னை நகரச் சொல்லவில்லை. என் தோளுக்குமேல் குனிந்து, என் நாற்காலியிலேயே பாதி உட்கார்ந்து பார்த்தார். "பேனுக்குத் தலை தனியா தெரியணும். கொம்பு இருக்கணும். இதுக்கு ரெண்டும் இல்ல. பூச்சிக் கூட்டத்துல இதுக்கு இடமே இல்ல. காலு மட்டும்தான் பூச்சிக்காலு" என்றார். குரலில் இரும்பெல்லாம் உருகிப்போயிருந்தது. "நானும் படத்தைப் பாத்துப் பாத்துக் கால் எண்ணியே கெட்டுட்டேன். செசிலி, இது பெரிய ஆளே இல்ல. குழந்தை! உண்ணிக் குஞ்சு. பொறக்கும்போது ஆறு கால். ஒரு தடவை சட்டை உரிச்சப்புறம்தான் மீதி ரெண்டு காலு வரும்."

பார்த்த ஒரு துளி மொத்த வரைபடத்தையே திருப்பிப் போட்டுவிட்டது. "அப்ப தாய் எங்க டாக்டர்? கோழி உடம்புல பெருசு ஒண்ணுகூட இல்லையே?"

"அதுதான் கேள்வி!" என்று மேசையைத் தட்டினார். எழுந்து நடந்தார். "இந்தக் கூட்டத்து உண்ணிக்குத் தோல் மெத்துன்னு இருக்கும். குஞ்சு மட்டும்தான் நாள்கணக்குல கோழியைக் கவ்விக்கிட்டு இருக்கும். பெருசுங்க இருட்டுல வந்து கொஞ்ச நேரம் குடிச்சுட்டுப் போயிரும். பகல்ல கோழி மேல இருக்காது. சந்து பொந்துல இருக்கும். பாவாயி எவ்வளவு பவுடர் போட்டாலும் அடங்காது, போட வேண்டிய இடம் கோழியே இல்ல. இதுல ஒரு வகைக் குஞ்சோட எச்சில்ல கோழிக் காலை மடக்குற விஷமும் உண்டு."

நாங்கள் பார்க்காத ஒரு பிராணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று, அதன் குழந்தைக்குக் கொம்பு இல்லாததை வைத்தே தெரிந்துகொண்டோம். இதுதான் புவனா, வகைப்படுத்துவது. பெயர் ஒட்டுவது அல்ல.

மறுநாள் காலையிலேயே பெரிய கைலென்ஸோடு ஜீப்பில் கிளம்பினோம். எங்கள் செருப்பைக் கழற்றி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, மருந்துத் தண்ணீரில் மிதித்துத்தான் ஷெட்டுக்குள் போனோம். வேலிக்கு அந்தப் பக்கம் வேலுச்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாரப்பன் வெட்டிய குழி ஷெட் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, பேன் பாக்கறதுக்கா இத்தன பெரிய கண்ணாடி? எங்கூட்டுப் பொம்பளைங்க வெறுங்கையிலயே பாத்துப்போடுவாங்களே" என்றார் வேலுச்சாமி.

"பேன் இல்லைங்க. அந்தச் சந்தேகம் தீரத்தான் வந்தோம்" என்றார் டாக்டரம்மா.

ஷெட்டைத் தேடினோம். சிமெண்டுச் சுவர், வழவழவென்று பூசியிருந்தது. ஒரு விரிசல் இல்லை. மேலே தகரம். தரையில் உமி, கிளறினால் உமிதான். தண்ணீர்க் குடுவை, தீவனத் தட்டு, வலை, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு உண்ணி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "கெடச்சுதுங்களா? கெடைக்காட்டி பரவால்லீங்க, குழி ரெடியாத்தான் இருக்குது."

மாரப்பன் ஒரு கட்டையின்மேல் சாய்ந்து நின்றார். அப்போதுதான் டாக்டரம்மா அந்தக் கட்டையைப் பார்த்தார். "இது என்னங்க?"

"கோழி அடையறதுக்குப் போட்டதுங்க. ராசிபுரத்துல பழைய மரக்கடைல வாங்கினேன். கைத்தறிச் சட்டமுங்க. யாரோ பிரிச்சுப் போட்டது, கோழிக்கூண்டா வெச்சிருந்தாங்களாம். தேக்கு. சும்மா கெடக்கறத விட கோழிக்காவது ஆகட்டும்னு..."

பரிசோதனைக் கூடத்துக் கண்களுக்குச் சட்டம் சட்டமாகத் தெரியவில்லை. சட்டத்தோடு சட்டம் கோர்க்க ஆசாரி வெட்டிய சதுரத் துளைகள்தான் தெரிந்தன. ஆசாரி மகளுக்கு அது தெரியாதா? துளைக்குள் ஆப்பு அடித்த இடத்தில் எப்போதும் ஒரு இடுக்கு இருக்கும். மாரப்பனிடம் திருப்புளி வாங்கி ஒரு ஆப்பை நெம்பினேன். கழன்று விழுந்தது. கூடவே உள்ளேயிருந்து, காய்ந்த பூசணி விதையைக் கொட்டிய மாதிரி, தட்டைத் தட்டையாய், சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று விழுந்தன. விழுந்ததும் எல்லாவற்றுக்கும் கால் முளைத்தது. ஓடின.

"எண்ணுங்க செசிலி!" என்று கத்தினார் டாக்டரம்மா. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை.

ஒன்றை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். "எட்டு டாக்டர்! எட்டு!"

பாவாயி தலையில் அடித்துக்கொண்டாள். "அட கருமமே! இதுங்களுக்குக் கட்டிலு போட்டு, கோழியவும் அதுமேலயே படுக்கவெச்சு, நான் என்னடான்னா பவுடர் அடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கறேன்!"

மாரப்பன் கீழே விழுந்த ஆப்பைக் கையில் எடுத்தார். "நாந்தான் தேக்கு தேக்குன்னு தூக்கிட்டு வந்தேனாக்கும்."

"நல்ல மரம்தாங்க. அதுங்களுக்கும் புடிச்சிருக்குது" என்றேன். அவர் சிரித்துவிட்டார், சிரித்த கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வேலுச்சாமி வேலியைத் தாண்டி வரவில்லை, ஆனால் கழுத்து மட்டும் இந்தப் பக்கம் வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு குப்பியில் உண்ணியை அடைத்து, தூரத்திலிருந்தே தூக்கிக் காட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். டாக்டரம்மா அப்படி நினைக்கவில்லை.

"இங்க உண்ணி இருக்குதுன்னு தெரிஞ்சிருச்சு. உண்ணிதான் கோழியை விழவைக்குதுன்னு இன்னும் தெரியல. ரெண்டும் வேற வேற" என்றார். "விழுந்த கோழி எல்லாத்தையும் கொண்டாங்க. ஒரு உண்ணிக் குஞ்சு விடாம எடுத்துட்டு, ஷெட்டுக்கு வெளிய புதுக்கூடையில வைப்போம். கழிச்சலா இருந்தா உண்ணி எடுத்தாலும் எந்திரிக்காது. உண்ணி விஷமா இருந்தா எந்திரிக்கும். அதுவரைக்கும் யாரும் உள்ள போய் வெளிய வரக்கூடாது. வேலுச்சாமி அண்ணே, உங்களைத்தான் முக்கியமா சொல்றேன்."

"எத்தன நேரமுங்க?"

"கோழியைத்தான் கேக்கணும்."

நாங்கள் நாலுபேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கோழியை மடியில் போட்டுக்கொண்டு, றெக்கையைப் பிரித்து உண்ணிக் குஞ்சு எடுத்தோம். பேன் பார்க்கிற மாதிரியேதான் இருந்தது, வேலுச்சாமி சொன்னதில் அந்தமட்டுக்கு உண்மை உண்டு. டாக்டரம்மாவின் 'எது இல்லை' கேள்வியை நான் சொல்லச் சொல்ல, பாவாயியின் விரல் என் தூரிகையைவிட வேகமாகப் போனது. டாக்டரம்மா தூக்கத்தில்கூட ஒன்றையும் விடமாட்டார் போல, முடித்த கோழியை மறுபடி வாங்கித் தடவிப் பார்த்தார். நான் விட்ட இரண்டைக் கண்டுபிடித்து, "செசிலி அவர்களே" என்றார்.

சாயங்காலம் ஆயிற்று. கூடையில் எந்தக் கோழியும் அசையவில்லை. வேலுச்சாமி வேலிப்பக்கம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், மறுபடி வருவார். கடைசியில், "காலைல வரைக்கும் பொறுக்கறேனுங்க. அதுக்கு மேல என்னால ஆகாது. எனக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்றார். அதில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது.

அன்றைக்கு நான் சேலத்து மாதாவிடம் ஒரு கோழிக்காக வேண்டிக்கொண்டேன். வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

காலையில் நாங்கள் ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன்பே பாவாயி ரோட்டுக்கு வந்துவிட்டாள். கையால் கூப்பிட்டாள். கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு செவலைப் பெட்டை குடித்தவன் நடை நடந்து தீவனத் தட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று உட்கார்ந்தபடியே கழுத்தை நிமிர்த்தியது. மீதியும் மதியத்துக்குள் காலை உதைக்க ஆரம்பித்துவிட்டன. ஒன்றிரண்டு தேறவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலுச்சாமி வேலியோரம் நின்று ரொம்ப நேரம் அந்தச் செவலையைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார். கோபமோ என்று நினைத்தேன். போனவர் தன் பண்ணையில் ஷெட்டைச் சுட்டுச் சுத்தம்பண்ண வைத்திருக்கிற நெருப்புக் குழாயை, சிலிண்டரோடு, ஆள் வைத்துத் தூக்கிவந்து வேலியோரம் வைத்தார். "ஷெட்டு மூலைமுடுக்கெல்லாம் காட்டுங்க. இதத் திருப்பிக் குடுக்க வேண்டாங்க, உண்ணியோட கொண்டாந்தீங்கன்னா அப்புறம் நான் அழுகணும்" என்றார்.

தறிச் சட்டங்களை எங்கே போட்டு எரிப்பது என்று யாரும் கேட்கவில்லை. மாரப்பன் ஒவ்வொன்றாகத் தூக்கி, கோழிக்கென்று வெட்டிய குழிக்குள் போட்டார். தேக்கு நன்றாக எரிந்தது. பெரிய ஊரிலிருந்து ரத்தத்தின் முடிவு பிறகுதான் வந்தது, வெள்ளைக் கழிச்சல் இல்லை என்று. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு எனக்குக் காட்டினார். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார். 'ஆறு கால்' என்ற வரியின் கீழே தன் கையாலேயே சேர்த்து எழுதினார்: "கொம்பும் இருக்கிறதா என்று பார்க்கவும்."

புவனா, உன் போன் நல்ல சாமான்தான். நான் குறை சொல்லவில்லை. என்னிடம் இருந்திருந்தால் நானும் ராப்பகலாகப் படம் பிடித்துக்கொண்டிருப்பேன். அது பேர் சொன்னதும் நீ ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள். எந்தக் கேள்வி என்று உனக்கே தெரியும்.

நான் ஓய்வு பெற்ற அன்று பாவாயி பஸ் ஏறி வந்திருந்தாள். இப்போது இரும்புக் குழாயில்தான் கோழி அடைகிறதாம். பையைத் திறந்து ஒரு செவலைப் பெட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அந்தச் செவலையோட கூட்டமுங்கக்கா இது. பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ, எனக்குக் கணக்குத் தெரியல" என்றாள்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாலைகூடக் கழற்றவில்லை. நான் என்னை அறியாமல் அந்தக் கோழியின் றெக்கையைத் தூக்கி, முடியை ஊதிப் பிரித்து, அடித்தோலைப் பார்த்தேன். பாவாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏனுங்கக்கா, இன்னுமா எது இல்லைன்னு பாக்கறீங்க?"

"ஆமா பாவாயி" என்றேன். "ஒண்ணுமே இல்ல."